புற்றுக்காளானுக்குப் பெயர் வந்த கதை

ஐப்பசியில் பெருமழை விட்ட மறுநாள் காலம்பற, தம்பிலுவில் பக்கத்து வளவுகளுக்குள்ள நடந்து பாருங்க. கறையான் புற்றைச் சுற்றி வெள்ளைக் குடைகள் கூட்டமா நிற்கும். எங்கட அம்மம்மா அதை உடனே பிடுங்க மாட்டா. பக்கத்து மண்ணைக் குச்சியால் கிளறிப் பார்த்துத்தான் எடுப்பா. "வேர் புத்துக்குள்ள போகுதாண்டு பார் மனே. போகாட்டித் தொடாத."

இந்த வேர்தான் அந்தக் காளானின் அறிவியல் பெயருக்குள்ளயும் இருக்கு எண்டு எனக்குப் பிந்தித்தான் தெரிஞ்சுது. 1847இல் இலங்கையிலிருந்து போன காளான் ஒன்றுக்கு மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் 'அகாரிகஸ் யூரைஸஸ்' எண்டு பெயர் வைத்தார். 'நல்ல வேர்' என்பதற்கான கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சைதான் எண்டு 1846இல் வாதாடியவரும் இவரே. ஆனா அவர் இலங்கைக்கு வந்ததே இல்லை. அவர் மேசைக்குப் போனது காய்ந்து சுருங்கிய மாதிரிகள். வேரைக் கண்டார், அது எங்கே போய் முடிகிறது எண்டு காணவில்லை.

புற்றுக்குள் பூஞ்சை இருப்பதை அதற்கு முன்பே ஒருவர் எழுதியிருந்தார். லின்னேயஸின் மாணவர், தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கறையான்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1779இல் ஜெர்மன் மொழியில் வெளியானது.

இரண்டையும் இணைத்தது பேராதனையில். 1905இல் அங்கே பூஞ்சையியலாளராக வந்த தாமஸ் பெட்ச், புற்றுகளை வெட்டித் திறந்து பார்த்தார். உள்ளே கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையான கூடுகள். கறையான்கள் தின்ற காய்ந்த மரமும் சருகும் எச்சமாக வெளியேறி, அடுக்கி வைக்கப்பட்டவை அவை. அவற்றில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை முத்துகள். கறையான் தின்பது அந்தப் பூஞ்சையை. மேலே நிற்கும் குடையின் வேர் அந்தக் கூட்டிலிருந்தே கிளம்புகிறது எண்டு 1906இல் எழுதினார். கறையான் இல்லாமல் கூட்டை மட்டும் எடுத்து வைத்தால் வேறொரு கறுத்த பூஞ்சை முளைத்துவிடும். ஆக, கறையான் களை பிடுங்கும் விவசாயி. மனிதன் வயல் செய்யத் தொடங்கி ஏறக்குறைய பத்தாயிரம் வருசம், கறையான் தொடங்கி ஏறக்குறைய மூன்று கோடி. (நாகதம்பிரானுக்குப் பயந்து புற்றில் மண்வெட்டி வைக்காத எங்கட ஆக்கள் இதைக் காணாமல் விட்டதில் வியப்பில்லை. காளான் வருசா வருசம் கிடைத்ததும் அந்தப் பயத்தால்தான்.)

பெட்சுக்கும் பெயர் சரியாகப் பிடிபடவில்லை. 1906இல் 'வொல்வேரியா' என்றார், 1913இல் 'கொலிபியா' என்றார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் இவற்றுக்கென்றே 'டெர்மிட்டோமைசிஸ்', அதாவது கறையான் பூஞ்சை, என்ற பேரினத்தை உருவாக்கினார். அடுத்த வருசமே நாஜிகள் அவரைப் பிடித்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அவர் உயிரோடு திரும்பினார்.

இப்ப நம்மட பெடியள் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து "இது சாப்பிடலாமா?" எண்டு கேட்கிறாங்க. அந்தப் படத்தில் பெர்க்லிக்குத் தெரிஞ்ச அளவுகூடத் தெரியாது. புல்தரையில் வரும் 'குளோரோஃபில்லம்' காளானும் வெள்ளைக் குடைதான். தின்றால் சில மணிநேரத்தில் கடும் வாந்தி, வயிற்றோட்டம். சோற்றோடு அவித்துப் பார்ப்பது, வெள்ளிக்காசு போடுவது எதுவும் நஞ்சைக் காட்டாது.

புற்றுக்காளானின் குடை நடுவில், மண்ணைத் துளைத்து வர ஒரு கெட்டியான கூம்பு இருக்கும். அடியில் பை இருக்காது. வேர் மெலிந்து மெலிந்து, சிலவேளை ஒரு முழத்துக்கு மேலும் கீழே போகும். நீண்ட வேருள்ள வேறு காளான்களும் இருக்கு, அதனால் வேர் கூட்டில் போய் முடியுதா எண்டும் பார்க்கணும். பிறகு குடையை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புக் கடதாசியில் கவிழ்த்து, மேல ஒரு கோப்பையால் மூடி வைங்க. விடியப் பார்த்தால் இளஞ்சிவப்புத் தூள் கொட்டியிருக்கணும். பச்சை எண்டால் அது குளோரோஃபில்லம். சிவப்பு எண்டாலும், அம்மம்மா மாதிரி ஒராள் பக்கத்தில் இல்லாட்டி, நான் சட்டியை அடுப்பில் வைக்க மாட்டன்.