நெசவிழைகளின் பண்புகள்

நெசவிழைகளின் பண்புகள் அவற்றின் வேதியியல் அமைப்பைப் பொறுத்து வேறுபடுகின்றன. பருத்தி செலுலோசினாலும், பட்டு பைப்ரோயின் என்னும் புரதத்தினாலும் ஆனவை. பாலியெசுட்டர் செயற்கை இழையாகும்.

இயற்பியல் பண்புகள்

பருத்தி ஏறத்தாழ 8%, பட்டு 11%, பாலியெசுட்டர் 0.4% ஈரம் ஏற்கும். எனவே பல்லாவரம் போன்ற புழுக்கம் மிகுந்த இடங்களுக்குப் பருத்தியாடை ஏற்றது. நனைந்தால் பருத்தியின் வலிமை கூடும். பட்டின் வலிமை குறையும்.

வேதியியல் பண்புகள்

காரம் பட்டிழையைச் சிதைக்கும்; ஆகையால் காரமிக்க சலவைத்தூள் அதற்கு ஏற்றதன்று. பருத்தி காரத்தைத் தாங்கும். கனிம அமிலங்களால் அரிக்கப்படும்.

இனங்காணல்

காஞ்சிபுரம் பட்டு எனப் போலிச் சேலைகளும் விற்கப்படுவதால் எரித்தல் சோதனை பயன்படுகிறது. பட்டு, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து நொறுங்கும் கரியாகும். பருத்தியும் விசுக்கோசும் காகிதம்போல எரியும். பாலியெசுட்டர் உருகிக் கடினமான மணியாகும். கலப்பு நெசவைக் கண்டறியப் பாவு, ஊடை இரண்டிலிருந்தும் நூலெடுத்துத் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.