நெய்யூர் மருத்துவரின் காமிராவும் ஈரந்தாங்கும் கருவிகளின் வரலாறும்

1838-ஆம் ஆண்டில் லண்டன் மிஷனரி சங்கத்தார் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில் தொடங்கிய மருத்துவப் பணியால் கீர்த்தி பெற்ற நெய்யூருக்கும், புகைப்படக் கருவிகள் குளிரையும் மழையையும் எங்ஙனம் தாங்குகின்றன என்னும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் உண்டு. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் யாத்திரைக்குப் பின் தெற்கே வந்து, இவ்வூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் திரண்டிருப்பதையும் அவர்களைக் கவனிக்கப் போதிய மருத்துவர்கள் இல்லாமையையும் கண்டு, இங்கேயே பணிபுரியத் தீர்மானித்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், 1924-இல் மீண்டும் அம்மலைக்குச் சென்றபோது, தம்முடைய சிறிய கோடாக் காமிராவை, சிகரத்தை நோக்கிப் புறப்பட்ட ஜார்ஜ் மாலரியிடம் கொடுத்தனுப்பினார். ஜூன் 8-ஆம் தேதி மாலரியும் அவருடைய துணைவர் ஆண்ட்ரு இர்வினும் மேகத்தில் மறைந்தனர். மாலரியின் உடல் 1999 மே 1-இல் அகப்பட்டது. 2024-இல் இர்வினின் பாதமொன்று பூட்சுடன் கிடைத்தது. காமிரா இன்றுவரை கிடைக்கவில்லை.

சட்டைப்பைக் கோடாக் என்று வழங்கிய அவ்வகைக் கருவி 1912-இல் வெளிவந்தது. மடித்தால் ஏறக்குறைய ஓரங்குலப் பருமன்; உலோக உடல், துருத்தி, எளிய ஷட்டர், எட்டுப் படங்கள் எடுக்கத்தக்க பிலிம் சுருள் ஆகியவற்றுக்கு மேல் அதில் யாதொன்றும் இல்லை. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் பதுங்குகுழிச் சேற்றிலே அதைச் சுமந்து திரிந்தனர். மாலரி மறைவதற்கு நான்கு நாள் முன்பு, சுமார் 28,000 அடி உயரத்தில், மூச்சுவிடவே திணறிய நிலையில், சோமர்வெல் தம் தோழர் நார்ட்டனைப் படமெடுத்திருக்கிறார்; ஆகவே அக்காலத்துக் கைக்காமிரா அக்குளிரில் இயங்கியது என்பதில் ஐயமில்லை. பழுதாவதற்கு உறுப்புகள் குறைவாயிருந்தமையே அதன் உறுதிக்கு முதற்காரணம் என்பது என் துணிபு. உறைபனியின் வறண்ட குளிர் பிலிமிலுள்ள மறைபிம்பத்தைக் காக்கக்கூடியது என்பதனாலேயே, நூறாண்டு கடந்த பின்னும் மலையேறுவோர் அக்காமிராவைத் தேடுகின்றனர்.

அதே கருவி நெய்யூரில் இருந்திருந்தால் அது எழுதவேண்டிய பரீட்சை வேறு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெற்று, குளச்சல் கடற்காற்றையும் ஏற்கும் இப்பிரதேசத்தில், துருத்தித் தோலில் பூசணம் படரும். கழுவாத பிலிமில் பிம்பம் மங்கும். கழுவும் நீர் சூடேறினால் ஜெலட்டின் பூச்சே இளகிவிடும். 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த சென்னை அரசாங்கப் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட காகித நெகடிவைப் பெரிதும் கையாண்டார். ஈரம் உலருமுன் எல்லா வேலையையும் முடித்தாகவேண்டிய கண்ணாடித் தகடு நம் வெயிலில் பெருந்தொல்லை தந்தது. பின்னர் ஆங்கிலேயத் தொழிலாளர் வெப்பநாடுகளுக்கென்றே தேக்குமரத்தால் காமிரா செய்து, பசையை மாத்திரம் நம்பாமல் பித்தளைப் பட்டைகளாலும் திருகாணிகளாலும் மூட்டுகளைப் பிணைத்தனர். சீதோஷ்ணத்தை உணர்ந்து அமைத்த அந்தத் தேக்குப் பெட்டிகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்த பெருமாறுதல் ரப்பரால் வந்தது. கடலடி ஆராய்ச்சியாளர் கூஸ்தோவின் தேவைக்காகப் பிறந்த கலிப்ஸோ காமிரா 1963 முதல் நிக்கானஸ் என்னும் பெயரில் நீருக்குள்ளேயே படமெடுத்தது. நிலத்தில் வழங்கும் எஸ்.எல்.ஆர். கருவிக்கு, ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையக் காப்பை 1980-இல் பென்டாக்ஸ் எல்.எக்ஸ். ஓரளவு கொண்டுவந்தது. டிஜிட்டல் யுகத்தில் 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 உடலுக்கும் லென்ஸுக்கும் சேர்த்தே காப்பு வழங்கியது. 2006-இன் பென்டாக்ஸ் கே10டி, 72 காப்பு வளையங்களை, நடுத்தர விலைக்கு இறக்கிவைத்தது. ஷட்டரின் ஆயுளும் வளர்ந்தது: 2005-இல் கேனன் 5டி ஒரு லட்சம் இயக்கம் என்றது, நிக்கான் டி300 ஒன்றரை லட்சம், 2012-இன் கேனன் 1டி எக்ஸ் நான்கு லட்சம்.

இவ்வெண்களைக் கண்டு மயங்குவதற்கில்லை. ஷட்டர் எத்தனை முறை இயங்கும் என்பதற்கு எண் தந்த நிறுவனங்கள், ஈரத்தை எத்துணைத் தாங்கும் என்பதற்குப் பெரும்பாலும் பொது அளவுகோல் தரவில்லை. வளையங்களின் எண்ணிக்கை அவற்றின் தரத்தைச் சொல்லாது. ஒரு கம்பெனி சொல்லும் காப்பை மற்றொன்றின் காப்போடு ஒப்பிடப் பெரும்பாலும் வழியுமில்லை. நிக்கான் கையேடுகள் பல, ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு உட்பட்ட சூழலிலேயே கருவியை இயக்கச் சொல்கின்றன. மழைக்காலத்து நெய்யூரிலோ காற்று அவ்வரம்பை மீறுவது சகஜம். ரப்பர் வளையம் தூறலைத் தடுக்கும். ஆனால் ஜூம் லென்ஸ் நீளும்போதெல்லாம் உட்செல்லும் காற்றோடு கலந்து வரும் ஈராவியைத் தடுப்பது அரிது. அந்த ஆவியில் முளைக்கும் பூசணம் லென்ஸின் பூச்சையும், நாளடைவில் கண்ணாடியையுமே அரித்துவிடும். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கிக் கல்யாணப் பந்தலுக்குள் நுழையும் தருணத்தில் லென்ஸில் படியும் பனித்திரைக்கும் ஈராவியே காரணம்.

ஆகையால், காப்புள்ள உடலில் காப்பற்ற லென்ஸைப் பூட்டுவது வீண்செலவு. அதைவிட, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்தும் உலர்பெட்டியொன்றை முதலில் வாங்குவதே கடலோரப் புகைப்படக்காரர்க்கு உசிதம். காமிரா செய்வோர் இனியேனும் தூசி, தூறல், கடுங்குளிர் ஆகியவற்றோடு நில்லாமல், நீண்டநாள் ஈரக்காற்றில் வைத்துச் சோதித்த முடிவுகளையும் எல்லோர்க்கும் பொதுவான அளவையில் வெளியிடுவார்களாக.