எந்தக் கோடு எந்தச் சட்டத்தில்?

சற்றே நீண்ட பதிவு. வரைபடங்களோடு நாள்தோறும் பழகும் ஆய்வு மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன். மற்றவர்களும் தயங்காமல் வாசிக்கலாம், கணக்கு ஏதும் இல்லை.

டாக்குரியாவில் தங்கி, அடுத்த ரயில் நிலையமான யாதவ்பூருக்குச் சென்றுவரும் ஆய்வாளர்கள் பலர் உள்ளோம். எங்களுள் இளையோர் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. கணினிச் சாளரத்தில் மூன்று வரைபடச் சட்டங்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் கோடு முதற்சட்டத்தில் விழாமல் மூன்றாவதில் விழுகிறது. ஏன்? 'எந்தச் சட்டம் என்று நிரலுக்கு நீ சொல்லவில்லை' என்பதே சுருக்கமான விடை. சொல்லாதபோது அது தானாக ஒரு சட்டத்தைத் தேர்ந்துகொள்வது எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதனை வெளியிட்டார். பின்னர் வந்த பல்தடப் பதிவுக் கருவிகளில் ஒவ்வொரு மின்முனைக்கும் தனித்தனிப் பேனா. தாள் நகரும், பேனாக்கள் தத்தம் தடத்தில் அசையும். எந்த அலை எந்தத் தடத்தில் விழ வேண்டும் என்பதைக் கம்பி இணைப்பே தீர்மானித்துவிடும். பேனா தன் தடத்தைத் தாண்டிப் போக வழியில்லை. கணினியால் இயங்கும் வரைவுக் கருவிகள் வந்தபோது நிலைமை மாறியது. ஒரே பேனா, தாள் முழுவதும் அதற்கு வெளி. அடுத்த கோடு எங்கே தொடங்கும்? பேனா இப்போது நிற்கும் இடத்தில். 'இப்போது' என்னும் சொல் வரைபட உலகிற்குள் நுழைந்தது இவ்வழியாகவே என்பது என் கருத்து.

கிளீவ் மோலர் மாணவர்களுக்காக உருவாக்கிய மேட்லேப், 1984இல் வணிக நிறுவனமாயிற்று. 1992இல் வந்த அதன் நான்காம் பதிப்பில், திரையில் காணும் ஒவ்வொரு சட்டத்திற்கும் கோட்டிற்கும் 'கைப்பிடி' என்றதொரு அடையாளம் கிடைத்தது. கூடவே 'நடப்புச் சட்டம்' என்ற கருத்தும் நிலைபெற்றது: இடம் குறிப்பிடாமல் வரையச் சொன்னால், கடைசியாகத் தொட்ட சட்டத்திலேயே வரையும். தனியொருவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்து பார்க்கையில் இது பேருதவி. பொத்தான்கள் நிறைந்த சாளரத்தில் இதுவே வினையாகிறது. பயனர் எதைக் கடைசியாகச் சொடுக்குவார் என்பதை எவரறிவார்?

ஜான் ஹன்டர் 2003இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் இங்கே குறிப்பிடத்தக்கது. வலிப்பு நோயாளிகளின் மூளையலைகளைத் திரையில் காணும் தேவையே அவரை அதனை எழுதத் தூண்டியது. இடப்புற மின்முனையின் அலை வலப்புறச் சட்டத்தில் விழுந்தால், கோட்டில் பிழையே இராது, இடத்தில்தான் பிழை. பார்ப்பவருக்கு ஐயமும் எழாது. ஹன்டர் மேட்லேபின் பழக்கத்தைப் பின்பற்றி 'நடப்புச் சட்ட' முறையையும் வைத்தார். சட்டத்தையே பெயர்சொல்லி அழைத்து வரையும் முறையையும் வைத்தார். 2016இல் அறிமுகமான மேட்லேபின் ஆப் டிசைனரோ, சட்டத்தைக் குறிப்பிடாமல் வரையச் சொன்னால் செயலிக்குள் வரையாது. வெளியே தனிச்சாளரம் ஒன்றைத் திறந்துவிடும். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் தவறான சட்டத்தில் அமைதியாக வரைவதைவிட இது மேல்.

நம் ஊருக்கு வருகிறேன். கணினித் திரை வருமுன்பே, 'எந்தக் கோடு எந்த அச்சில்' என்ற வினாவைக் கொல்கத்தாவில் ஒருவர் மிகக் கூர்மையாகக் கேட்டிருந்தார். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிஸே அவர். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்களின் செலவு விவரங்களை மலைமலையாகக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு காலத்து ஏழையின் உணவுச் செலவை இன்னொரு காலத்து ஏழையின் செலவோடு எவ்வாறு ஒப்பிடுவது? கிடை அச்சில் ரூபாயைக் குறித்தால், விலைவாசி மாறியதும் ஒப்பீடு சிதைந்துவிடும்.

அவர் கிடை அச்சையே மாற்றினார். மக்களைத் தலைக்குரிய செலவின்படி ஏறுவரிசையில் நிறுத்தி, எண்ணிக்கையில் சமமான பத்துத் தொகுதிகளாகப் பிரித்தால், அடித்தட்டுப் பத்திலொரு பங்கினர் எக்காலத்திலும் அடித்தட்டினரே. ரூபாய்க்குப் பதில் இந்தத் தரவரிசை கிடை அச்சில் அமர்ந்தது. ஒவ்வொரு தொகுதியின் சராசரியையும் புள்ளியாக இட்டு நேர்கோடுகளால் இணைத்தார். 1960இல் 'எகனாமெட்ரிகா' இதழில் வெளிவந்த இம்முறைக்கு பிராக்டைல் வரைபடப் பகுப்பாய்வு என்று பெயர்.

அதன் உயிர்நாடி இனிமேல்தான். வங்காளத்துச் சணல் சாகுபடிக் கணக்கெடுப்புகளின் காலத்திலிருந்தே அவர் கையாண்ட உத்தி ஒன்றுண்டு: மாதிரியை ஒன்றாக எடுக்காமல், ஒரே பரப்பில் ஒன்றையொன்று ஊடுருவும் இரு தனி மாதிரிகளாக எடுப்பது. இரண்டிற்கும் தனித்தனி வரைபடம் கிடைக்கும். அவற்றை ஒரே சட்டத்தில், ஒரே அளவையில் வரைந்தால் இடையில் ஒரு பரப்பு விழும், அதுவே பிழைப்பரப்பு. பின் இரு காலங்களின் கூட்டு வரைபடங்களுக்கு இடையேயான பரப்பை அளந்து, பிழைப்பரப்போடு ஒப்பிட வேண்டும். முன்னது பின்னதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தாலன்றி, வறியோர் நிலை உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ பேச இடமில்லை. சூத்திரம் அறியாத அமைச்சரும் கண்ணால் கண்டு உணரக்கூடிய சான்று இது. (அந்நாளில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் கணக்கிடும் பணியாளரையும் குறித்தது. யாதவ்பூர் பல்கலைக்கழகமும் புள்ளியியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டிரான்சிஸ்டர் கணினியான ஐ.எஸ்.ஐ.ஜே.யு-1 இயங்கத் தொடங்கியது 1966இல்.)

இப்போது இதே வேலையை மூன்று சட்டங்கள் கொண்ட சாளரத்தில் செய்து பாருங்கள். முதல் மாதிரி ஒரு சட்டத்தில், இரண்டாவது இன்னொன்றில் விழுந்தால் பிழைப்பரப்பே காணாமற்போகும். மென்பொருள் ஒவ்வொரு சட்டத்திற்கும் தானே அளவையைத் தேர்ந்துகொள்வதால், வேறுபட்ட இரு கோடுகளும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஒரே சட்டத்தில் வரைந்தாலும், பழைய கோட்டைத் தக்கவைக்கச் சொல்லாவிட்டால், மேட்லேபில் இரண்டாவது வரும்போது முதலாவது அழிந்துவிடும். எஞ்சுவது ஐயத்திற்கே இடம் தராத அழகிய ஒற்றைக் கோடு.

ஆகவே, இளைய நண்பர்கள் செய்யக்கூடியது இரண்டு. வரையும் ஒவ்வொரு கட்டளையிலும் சட்டத்தின் கைப்பிடியை முதல் உள்ளீடாகக் கொடுங்கள். ஒப்பிட வேண்டிய சட்டங்கள் தனித்தனியே இருந்தே தீருமெனில் அவற்றின் அளவைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள். மேட்லேபிலும் மேட்பிளாட்லிப்பிலும் அதற்கு வசதி இருக்கிறது.