எங்க ஊர் சபாநாயகரும் பிளிட்ஸ் ஆசிரியரும்

ஊடகச் சட்டம் படிக்கிறேன் என்று சித்தூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இந்த வயசுல எதுக்குடா?" என்றார் அப்பா. நாற்பது தாண்டிய மக்கள் தொடர்பு ஆசாமி சிங்கப்பூரில் ஆபீஸ் முடிந்து மாலை வகுப்புக்கு ஓடினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போட்டி நிறுவனம் ஒன்றைப் பற்றி ஒரு எம்.பி. மக்களவையில் சொன்ன குற்றச்சாட்டை அப்படியே எடுத்து எங்கள் வாடிக்கையாளரின் பிரஸ் ரிலீஸுக்குத் தலைப்பாக்கினேன். படித்துப் பார்த்த வக்கீல் கிழித்துப் போட்டார். "சபையில பேசினதுதானே சார்?" என்றேன். "பேசினது அவர். எழுதுறது நீ" என்றார். அன்று அது புரியவில்லை.

சபைக்குள் பேசும் எம்.பி.க்கு அரசியல் சாசனத்தின் 105-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதை அச்சிடும் பத்திரிகைக்கு அப்போது தனிச் சட்டம் எதுவும் இல்லை. ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி தனிநபர் மசோதா கொண்டுவந்து 1956-ல் அதைச் சட்டமாக்கினார். சபை நடவடிக்கையைப் பெருமளவு உண்மையாக, கெட்ட நோக்கமில்லாமல், பொதுநலனுக்காக வெளியிட்டால் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது. பத்திரிகை, செய்தி நிறுவனம், வானொலிக்குத்தான் இந்தக் குடை. வாடிக்கையாளருக்காக நான் எழுதும் பிரஸ் ரிலீஸ் அதற்கு வெளியே நனைகிறது!

அப்போது சபாநாயகர் யார் என்று தேடியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அனந்தசயனம் அய்யங்கார்! திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் 1891-ல் பிறந்து, சித்தூரில் வக்கீலாக இருந்தவர். 1952-ல் திருப்பதி எம்.பி., 1957-ல் சித்தூர் எம்.பி. (தாத்தா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாராம்.)

அதோடு முடியவில்லை. 1961 ஏப்ரலில் ஆச்சார்ய கிருபளானி, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனைச் சபையில் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பம்பாயின் 'பிளிட்ஸ்' வார இதழ், கிருபளானி பெயரையே கிறுக்கு என்று பொருள்படத் திரித்துத் தலைப்புப் போட்டு அவரைச் சாடியது. உரிமைக் குழு விசாரித்தது. ஆகஸ்ட் 29-ம் தேதி ஆசிரியர் கரஞ்சியா சபைக்கு வரவழைக்கப்பட்டு நிற்க, எங்க ஊர்க்காரர் கண்டனத்தைப் படித்தார். டில்லி நிருபரின் காலரி அனுமதியும் போயிற்று.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. சபையில் நடந்ததைச் சொல்பவனுக்குக் குடை உண்டு. அங்கே பேசியதற்காக ஒரு உறுப்பினரை எள்ளி நகையாடினால் சபையே கூப்பிட்டு நிற்க வைக்கும். எங்கள் தொழிலில் அவதூறு என்றால் எல்லோருக்கும் பயம். உரிமை மீறல் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. (அவதூறுக்கு 499-ஐ மனப்பாடம் செய்தவர்கள் கவனிக்க: 2024 ஜூலை முதல் அது நியாய சன்ஹிதாவில் 356.)

சபையே குற்றம் சாட்டி, சபையே தீர்ப்பும் சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஊர்ப்பாசம் வேறு, அது வேறு.

பெரோஸ் காந்தி 1960-லேயே காலமானார். அவர் கொண்டுவந்த சட்டத்தை நெருக்கடி நிலையின்போது அவர் மனைவியின் அரசே ரத்து செய்தது. 1977-ல் ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் 44-வது திருத்தம் அதை 361-ஏ என்று சாசனத்திலேயே ஏற்றி, மாநிலச் சட்டசபைகளுக்கும் நீட்டியது. அய்யங்கார் 1978 மார்ச்சில் காலமானார்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அனந்தசயனமா? அவர் நம்ம கோர்ட்டு ஆளாச்சே" என்றவர், பரீட்சை எப்போது என்று கேட்டார்.