வாயேஜர் தட்டில் இல்லாத இரு மொழிகள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்தால் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்குவதாகச் சொல்வார்கள். உண்மையில் சாவடிக்கு அப்பாலும் தமிழ் தொடர்கிறது. எல்லைக்கோடு நிர்வாகத்துக்கானது, நாவுக்கானதன்று. இவ்விரு மொழிகளுக்கும் விநோதமான ஒரு பொதுமை உண்டு. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் சென்றுகொண்டிருக்கும் 55 மொழி வாழ்த்துகளுள் இவை இரண்டுமே இல்லை.

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே பயணத்தில் தொடக்கூடிய கோள் அமைப்பு ஏறத்தாழ 176 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். 1970களின் பிற்பகுதியில் அது வருவதை 1965இல் கேரி ஃபிளாண்ட்ரோ கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கோளின் ஈர்ப்பையே உந்துவிசையாகக் கொண்டு அடுத்ததை அடையலாம் என்பது அடிப்படை. 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஏவப்பட்ட பயனியர் 10, 11 முன்னோடிகள். சிறுகோள் பட்டையைக் கடக்க இயலும் என்பதையும் வியாழனின் கதிர்வீச்சு எத்துணைக் கடுமையானது என்பதையும் அவையே அறிவித்தன. அவை சுமந்த தகட்டில் படங்களும் குறிகளும் மட்டுமே. மனிதப் பேச்சு ஏறியது 1977 ஆகஸ்ட் 20, செப்டம்பர் 5 ஆகிய நாள்களில் புறப்பட்ட வாயேஜர் 2, 1 கலங்களில்தான்.

பொன்முலாம் பூசிய அந்தச் செப்பு இசைத்தட்டைக் கார்ல் சாகன் குழு சில வாரங்களில் உருவாக்கியது. வாழ்த்துகளைத் திரட்டியவர் லிண்டா சால்ஸ்மன் சாகன். பதிவு நடந்தது கார்னெல் பல்கலைக்கழகத்தில். இந்தி, வங்காளம், மராத்தி, பஞ்சாபி, குஜராத்தி, ஒடியா, இராஜஸ்தானி, உருது, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு சிங்களமும் நேபாளியும் இடம்பெற்றன. பேசுவோர் எவருமற்ற சுமேரியமும் அக்காதியமும் உண்டு. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழ் பேசியோர் ஏறத்தாழ 3.77 கோடி, கன்னடம் பேசியோர் 2.17 கோடி. எண்ணிக்கையே அளவுகோலாயின் தமிழ் விடுபட்டிருக்க இயலாது. சில லட்சம் பேர் மட்டுமே பேசிய வெல்ஷ் மொழி இருக்கிறது!

இதில் சதி தேடுவோர் உளர், எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சில வாரங்களில் ஒரு சிறு பல்கலைக்கழக நகரில் யார் கிடைத்தார்கள் என்பதே பட்டியலைப் பெரிதும் வடிவமைத்திருக்க வேண்டும். மொழியியல் கள ஆய்வுகளிலும் பல நேரங்களில் இதுவே நிகழ்கிறது: கிடைத்த ஒருவரின் குரல் ஒரு சமூகத்தின் குரலாகிவிடுகிறது. மூன்று நொடி வாழ்த்துக்காக வருந்தும் நாம், அட்டப்பாடி மலையின் இருளர், முடுகர் பேச்சுகளின் ஒலிப்பதிவு எவ்வளவு உள்ளது என்று கேட்பதில்லை.

என்ன பேச வேண்டும் என்று எவருக்கும் எழுதித் தரவில்லை. ஆகவே வாழ்த்துகளின் நடை வேறுபடுகிறது. தெலுங்கரும் கன்னடரும் தம் மொழியினர் அனைவரின் சார்பாகவும் வாழ்த்துகின்றனர். இராஜஸ்தானிக்காரரோ, நாங்கள் இங்கே மகிழ்ச்சி, நீங்களும் அங்கே மகிழ்ச்சியாய் இருங்கள் என்ற பொருளில் பேசுகிறார். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று கடிதம் தொடங்கிய தலைமுறைக்கு இது அயலாகத் தோன்றாது. அமாய் என்னும் தென்சீனப் பேச்சில் வாழ்த்தியவர் விண்வெளி நண்பர்களிடம் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிறார். தமிழர் ஒருவர் ஒலிவாங்கியின்முன் நின்றிருந்தால் பெரும்பாலும் இதையே கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இசைப் பகுதியில் தென்னாட்டின் தொடர்பு மயிரிழையில் நழுவியது. இந்திய இசைக்கு ஒரே இடம். அதைப் பரிந்துரைத்த இராபர்ட் பிரவுன், பாலசரஸ்வதியின் தம்பி டி. இரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்றவர். தென்னிந்தியத் தாளக்கலை பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். அவர் தேர்ந்ததோ பைரவி இராகத்தில் கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானிப் பாடல். அதன் இசைத்தட்டு நியூயார்க்கில் ஓர் இந்தியக் குடும்பத்தின் மின்சாதனக் கடையில் அகப்பட்டது. வாயேஜர் 1 புறப்பட்ட 11ஆம் நாள், 1977 செப்டம்பர் 16 அன்று கேசர்பாய் காலமானார்.