ஏரும் வண்டியும் வகுத்த இலக்கணம்: திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து மாட்டின் உடலமைப்புத் தேர்வு குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

மாட்டின் உடலமைப்பைக் கண்டு தரம் அறிந்து இனப்பெருக்கத்திற்குத் தேர்வது கால்நடை வளர்ப்பின் அடிப்படைத் திறனாகும். எனினும், எது சிறந்த உடலமைப்பு என்பதை மாட்டின் பயன்பாடே வரையறுக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இராபர்ட் பேக்வெல் (1725–1795) நீள்கொம்பு மாடுகளைப் பெருக்கியபோது, சதைத் திரட்சி முதன்மை பெற்றது. தமிழகத்தில் அத்தகைய இறைச்சி இனத் தேர்வு உருவாகவில்லை. ஏரும் வண்டியுமே அளவுகோலை வகுத்தன. இக்கட்டுரை அவ்வளவுகோலின் இயல்பையும் மாற்றத்தையும் ஆராய்கிறது.

சந்தையின் கண்

கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாள் வழக்கம். சந்தைகளில் மாடு வாங்குவோர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைத்து எட்டாக நிறைவதைக் கொண்டு வயது கணிக்கப்படும். அடுத்து மாட்டை நடக்கவிட்டுக் கால்வைப்பையும் குளம்பின் உறுதியையும் நோக்குவர். நுகம் அமரும் இடம் என்பதால் கழுத்தும் திமிலும் தனிக் கவனம் பெறும். துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர் விலை பேசுவதற்கு முன்னரே இத்தேர்வு முடிந்துவிடும்.

இவற்றோடு சுழி பார்த்தலும் இணைந்திருந்தது. மயிர்ச் சுழி அமையும் இடத்தைக் கொண்டு நன்மை தீமை கூறும் இம்மரபிற்கு உழைப்புத்திறனோடு தொடர்பில்லை. ஆயினும், தீய சுழியுடைய காளை விலை போகாது என்பதால் நம்பிக்கையும் இனத்தேர்வில் பங்கு பெற்றது.

பதிவும் சட்டமும்

காங்கேயம் இனத்தைப் பேணிய பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம், பொலிகாளைத் தேர்வைத் தலைமுறை கடந்த பணியாக நடத்தியது. அவ்வினத்தின் கன்றுகள் செந்நிறத்தில் பிறந்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் சாம்பல் நிறம் பெறும். காளைகளின் திமிலும் முன்பின் பகுதிகளும் கருமை ஏறும். வளர்ப்போர் கண்ணால் அறிந்திருந்த இத்தகைய கூறுகளை 1909இல் கன் எழுதிய நூலும் 1936இல் லிட்டில்வுட் எழுதிய நூலும் எழுத்தில் நிலைநிறுத்தின. சந்தையில் வாய்மொழியாக வழங்கிய அறிவு இவ்வாறு இன இலக்கணமாயிற்று.

1928ஆம் ஆண்டின் அரச வேளாண்மை ஆணைய அறிக்கை, பால் பெருக்கத்திற்காக இழுவைத்திறனை இழப்பது குறித்து எச்சரித்தது. 1940ஆம் ஆண்டின் சென்னைக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் பொலிகாளைத் தேர்வை அரசின் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்பிற்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாத மாட்டையே இறைச்சிக்கு அனுமதித்தது. இறைச்சி இங்கு உழைப்பு முடிந்த பின் வரும் இறுதிப் பயன் மட்டுமே. எனவே அது தேர்வின் அளவுகோலாகவில்லை.

ஆசிரமத்துப் பசு

சந்தை மதிப்பிற்கு நேர்மாறான நிலையை அதே ஊரின் ரமணாசிரமத்தில் காணலாம். 1926இல் குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த அருணாசலம் பிள்ளை ஒரு பசுவையும் கன்றையும் ஆசிரமத்திற்கு அளித்தார். லட்சுமி என்ற அக்கன்று வளர்ந்து, 18.06.1948 அன்று இறந்தபின் ஆசிரம வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. பல்லோ மடியோ சுழியோ அதன் இடத்தை முடிவு செய்யவில்லை. இங்கு மாடு பேணப்பட்டது. ஆனால் அப்பேணுதல் இனத்தேர்வு ஆகாது. தனி உயிரைக் காப்பதும் இனத்தின் பண்பைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

முடிவுரை

உழவு இயந்திரம் பரவி, கலப்பினப் பசுக்கள் பெருகியபின் மடியும் பாலளவும் முதன்மை பெற்றன. நுகத்திற்கேற்ற கழுத்தும் உறுதியான குளம்பும் விலை தரும் கூறுகளாக நீடிக்கவில்லை. மறுபுறம், புலிக்குளம் காளைக்கு ஏறுதழுவலே இன்று மதிப்பளிக்கிறது. அங்கே வேகமும் சீற்றமும் தேர்வின் அளவுகளாகின்றன. பயன் மாறும்போது கண்ணும் மாறுகிறது என்பதையே இவை காட்டுகின்றன. ஆகவே, நாட்டு மாட்டினங்களைக் காப்பது எண்ணிக்கையைக் காப்பதோடு நிறைவடையாது. அவற்றை உருவாக்கிய தேர்வுக் கண்ணையும், அக்கண்ணுக்கு வேலை தரும் பயன்பாட்டையும் சேர்த்துக் காத்தாலன்றி, இனப்பெயர் எஞ்சினும் இனப்பண்பு நிலைக்காது.