பறவைக்குப் பின்னால் நின்ற பனை

மார்கழியில் கோவைப் பக்கத்துக் குருடிமலையைப் படம் எடுக்க வேண்டுமென்றால் துடியலூரிலிருந்து பன்னிமடைப் பக்கம் போய் நிற்க வேண்டும். அந்த மாதம் சூரியன் தென்கிழக்கில் எழும்; மலை வடமேற்கில் இருக்கிறது. முதல் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து நேராக முகட்டில் விழும். அடிவாரத்துப் பனி கலையும் வரைதான் அந்த வெளிச்சம். நான் ஸ்டுடியோ வைத்திருந்த ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். கல்யாண வீட்டில் எடுத்தது போக மிஞ்சுவதைத்தான் மலைக்கும் குருவிக்கும் பங்கு வைப்பேன்.

என்னிடம் நீள லென்ஸ் கிடையாது. பட்டுப்போன பனையின் உச்சியில் பனங்காடை உட்கார்ந்திருந்தால் படத்தில் நிலக்கடலை அளவுதான் தெரியும். ஆனால் பனை முழுசாக விழும். அதற்குப் பின்னால் சோளக்காடு, காவல் பரண், ஓடைக்கரை, மலை என்று எல்லாம் விழும். இன்றைக்கு அந்த நெகட்டிவ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பனங்காடையை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைத்தான் பார்க்கிறேன்.

படத்தில் பின்னால் விழுந்த இந்தத் தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் செங்கலுக்குத் தோதானது. கோவை நகரம் வளர வளர, சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என ஐந்து ஊராட்சிகளிலும் செங்கல் சூளைகள் நூற்றுக்கு மேல் பெருகின. பட்டா நிலத்தில் தோண்டியது போதாமல் ஓடைக்கரை வரை குழி இறங்கியது. சூளைக்கு எரிக்கப் பனையை வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் வழக்கு நடத்தியதில் 2021ல் சூளைகள் மூடப்பட்டன. அதற்குள் வரிசை வரிசையாக நின்ற பனைகள் போய்விட்டன.

பனை போனால் என்ன போகிறது என்று கேட்பவர்கள் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. கொண்டை விழுந்து மொட்டையாக நிற்கும் பனையின் பொந்தில்தான் பனங்காடை முட்டை வைக்கும், கிளியும் வைக்கும். பனை உழவாரனுக்கோ உயிருள்ள மரம் வேண்டும். தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டி, உள்ளங்கையில் அடங்குகிற கூடு கட்டும். காற்றில் ஓலை ஆடினாலும் முட்டை விழாது, அதையும் எச்சிலால் ஒட்டி வைத்திருக்கும். உயிருள்ள பனையும் வேண்டும், செத்த பனையும் வேண்டும். சூளை இரண்டையும் எரித்தது.

சோளம் வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் மத்திய ஆசியாவிலிருந்து சூறைக்குருவிக் கூட்டம் வந்து இறங்கும். அவை வெட்டுக்கிளியையும் தின்னும், கதிரையும் தின்னும். அதற்காகவே கொங்குச் சோளக்காடுகளில் பரணும் கவணும் இருந்தன. இப்போது அந்தக் காடுகளில் பல வீட்டுமனை ஆகிவிட்டன.

பறவையைப் பதிவு செய்கிற வழக்கமே கேமராவில் அல்ல, துப்பாக்கியில் தொடங்கியதுதான். சுட்டுத் தோல் உரித்துப் பாடம் செய்து வைத்தால்தான் அந்நாளில் சான்று. பறவையியலாளர் சாலிம் அலியும் சிறுவனாக தொண்டை மஞ்சளான ஒரு சிட்டைச் சுட்டு, அது என்ன இனம் என்று கேட்கப் போனவர்தான். 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அடக்கியது. சாலிம் அலி இறந்து மூன்று வருடம் கழித்து, 1990ல், அவர் பெயரில் பறவையியல் மையம் தொடங்கினார்கள். அதன் வளாகம் இதே தடாகம் சாலையின் கோடியில், ஆனைகட்டியில் இருக்கிறது. கருவிகளோடு ஆய்வாளர்கள் போய்வந்த அதே சாலையில்தான் செங்கல் லாரிகளும் ஓடின.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எழுதினாலே சேரும். துடியலூர்ப் பிள்ளைகள் பலர் நீள லென்ஸோடு வருகிறார்கள். பறவையின் கண்ணில் விழும் ஒளிப்பொட்டு வரை தெளிவாக எடுக்கிறார்கள். பின்னணி மட்டும் வெறும் பச்சைப் பூச்சாகக் கரைந்திருக்கும். அந்தப் படம் பன்னிமடையா, பஞ்சாபா என்று சொல்ல முடியாது. எனக்கு அது பாதிப் படம். ‘சாமி, பறவையை எடுத்தாச்சில்ல, நின்ன எடத்துலயே நின்னு சின்ன லென்ஸ்ல இன்னொன்னு எடுங்க, மரமும் வரப்பும் மலையும் விழுற மாதிரி. தேதிய எழுதி வைங்க’ என்கிறேன். மூடிய சூளைக்குழிகளின் ஓரத்தில் இன்று எந்தப் பனங்கன்று நிற்கிறது, எது தப்பிப் பிழைத்த பழைய மரம் என்பதை நாளைக்குத் தேடி வருகிறவருக்கு அந்த இரண்டாவது படம்தான் காட்டும்.